காயில் மாத்தின வண்டி

விளம்பரத்துல ஏர் சஸ்பென்ஷன்னு போட்டிருந்ததுங்களா? அது எங்க தம்பி மவன் போட்டதுங்க. தெரியாமப் போட்டுட்டான். இதுல இப்ப காத்துப் பை கெடையாது தம்பி. நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்ப்ரிங் மாத்தியாச்சு. குனிஞ்சு பாருங்க, புதுசாத் தெரியும், பெயிண்ட்டுகூட மங்கல. கம்பெனியில இருந்து வந்தப்ப ஏர்தான். ஏன் மாத்துனீங்கன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. போன வாரம் கரூர்ல இருந்து வந்தவரு கேட்டுப்போட்டு, நான் சொல்லச் சொல்லப் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. நீங்க உக்காருங்க. ஊட்டுல டீ வெக்க ஆளில்லீங்க, கடையில சொல்லியிருக்கறேன், வந்துரும்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. முப்பத்தோரு வருசம் முட்டை லாரி ஓட்டுனவன். நாமக்கல்லுல ஏத்துனா பாலக்காட்டுல எறக்கோணும். மொதல்ல சம்பளத்துக்கு, பொறவு சொந்த லாரி. முட்டை லாரி ஓட்டறவனுக்கு ரோடு கண்ணுல தெரியறது கொஞ்சந்தானுங்க, மிச்சமெல்லாம் முதுகுலதான் தெரியும். வேகத்தடை இன்னும் தூரத்துல இருக்கறப்பவே கால் தானா எந்திரிச்சுக்கும். எதுக்குச் சொல்றன்னா, குலுங்கறது குலுங்காதது பத்தி இவனுக்கு என்ன தெரியும்னு என்னைய ஒருத்தரும் சொல்ல முடியாதுங்க. எங்க மெக்கானிக்கு ஜாபர் பாய் சொன்னாரு. அதுக்குப் பொறவு வர்றேன்.

எங்கூட்டுக்காரி பேரு மயிலாத்தா. போன ஐப்பசியில மார்ல கட்டின்னு ஆரம்பிச்சது. ஆபரேசன் பண்ணி, மருந்து ஏத்தி, தேவலையாயிருச்சுன்னாங்க. மாசியில முதுகு வலிக்குதுன்னா. களை எடுத்த வலியா இருக்கும்னு தைலம் தேச்சு உட்டேன். பங்குனியில படம் எடுத்துப் பாத்தா, முதுகெலும்புல எறங்கியிருக்குதுங்க.

கோயமுத்தூருல டாக்டர் ஒரு அம்மாங்க. தன்மையாப் பேசுவாங்க. "ரேடியேசன் கரண்ட்டு வெக்கோணுங்க, பத்து நாளு, தெனமும் வந்துட்டுப் போகோணும், வலி கொறைஞ்சுரும்"னாங்க. எங்கிருந்து வர்றீங்கன்னாங்க. வெள்ளக்கோவில்னேன். "அய்யோ, போக வர இருநூறு கிலோமீட்டர் ஆயிருமே! எலும்பு பொத்துப்போய்க் கெடக்குது, குலுக்கல் ஆகாதுங்களே. இங்க பக்கத்துல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கறாங்களா? பத்து நாளைக்குத் தங்கிக்கலாம்."

இல்லீங்கன்னேன்.

மயிலாத்தா என்னையத் திரும்பிப் பாத்தா. டாக்டரம்மா எழுதறதுக்குக் குனிஞ்சுட்டாங்க.

இருக்கறாங்க தம்பி. மவ இருக்கறா. சுகந்தின்னு பேரு, ஒரே மவ. அந்த ஆஸ்பத்திரியில இருந்து பத்து நிமிசம், ஒண்டிப்புதூர்ல மாடி ஊட்டுல வாடகைக்கு இருக்கறா. ஆனா சொந்தக்காரங்கன்னு எப்படீங்க சொல்றது? ஒம்பது வருசத்துக்கு முந்தி எட்வின்னு ஒரு பையனக் கட்டிக்கிட்டா. பம்பு கம்பெனியில வேலையாம். ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கட்டியிருந்தா வேற. கேக்காமக் கட்டிக்கிட்டா. கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பன், அது வேற விசயம். உன் வாசப்படி மிதிக்கமாட்டேன், நீயும் இங்க மிதிக்காதேன்னேன். நான் சொன்னாச் சொன்னதுங்க. ஒம்பது வருசம் நின்னேன் பாத்துக்கங்க.

அன்னிக்கு ஜீப்புல திரும்பி வந்தம். பழைய ஜீப்பு, கட்டைமேல உக்காந்த மாதிரி இருக்கும். பல்லடம் தாண்டறதுக்குள்ள மயிலாத்தா சேலைத் தலைப்பச் சுருட்டி வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டா. சத்தம் வரக்கூடாதுன்னு. கண்ணாடியில பாத்துட்டேன். காங்கேயத்துல நிறுத்தி எளநி வாங்கிக் குடுத்தேன்.

"ஏனுங்க, பத்து நாளைக்கு சுகந்தி ஊட்டுல இருந்துக்கட்டுங்களா? நீங்க வர வேண்டாம். நான் மட்டும்."

"அதெல்லாம் வேண்டாம். குலுங்காத வண்டி ஒண்ணு வாங்கறேன். உன்னைய மெத்தையில கொண்டு போய் மெத்தையில கொண்டாறேன்."

அவ எளநிக் குடுக்கையப் பாத்துக்கிட்டே இருந்தா. சரிங்கன்னா. மறுபடியும் அவ அந்தப் பேச்ச எடுக்கலீங்க. அவளுக்கும் மனசுக்குப் புடிச்சுருச்சுன்னுதான் நெனச்சேன்.

திருப்பூர்ல பழைய கார் விக்கறவருகிட்ட ஒரே மாடல்ல ரெண்டு நின்னுதுங்க. ரெண்டும் ஜெர்மன் வண்டி, ரெண்டும் பத்து வருசம் ஓடுனது. ஒண்ணு காயில் ஸ்ப்ரிங், இன்னொண்ணு ஏர். ஏர்னா, சக்கரத்துக்கு மேல ஸ்ப்ரிங்குக்குப் பதிலா ரப்பர் பையில காத்து அடைச்சிருப்பாங்க. ஒரு பட்டன அமுக்குனா வண்டி மேல எந்திரிக்கும், மறுபடி அமுக்குனாக் கீழ உக்காரும். நம்ம ஒட்டகம் பாத்திருக்கறமில்லீங்க, அதாட்டம்.

நான் சும்மா ஓட்டிப் பாத்து வாங்கறவனில்லீங்க. ஊருல இருந்தே அஞ்சு அட்டை முட்டை கொண்டு போயிருந்தேன். நூத்தம்பது முட்டை. பின் சீட்டுல, அவ எங்க படுப்பாளோ சரியா அந்த எடத்துல வெச்சேன். ஊரு எல்லையில தார் பேந்த ரோடு ஒண்ணு இருந்துது. அதுல காயில் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயித் திரும்பி வந்தா ஆறு முட்டை விரிசல். ஒடையல, விரிசல்தான். அந்த ஆறையும் மாத்தி வெச்சு, அதே ரோட்டுல, அதே வேகத்துல ஏர் வண்டிய ஓட்டுனேன். ஒண்ணுகூட இல்லீங்க தம்பி! நூத்தம்பதும் போட்டது போட்டபடி. கடைக்காரரு கையெடுத்துக் கும்புட்டாரு, இப்படி ஒருத்தரு வண்டி பாத்து நான் பாத்ததில்லைன்னாரு.

அவளக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுப் பாத்தீங்களான்னு கரூர்க்காரரு கேட்டாரு. அவளக் குலுக்கிப் பாக்க முடியுங்களா? அதுக்குத்தானே முட்டை.

ஜாபர் பாய் பல்லடத்துல பட்டறை வெச்சிருக்கறாரு. எங்க லாரியெல்லாம் அவரு கையிலதான். கூட்டிக்கிட்டு வந்து காட்டுனேன். ஏர் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தாரு. டார்ச் அடிச்சுக்கிட்டே சொன்னாரு, "கவுண்டரே, ரப்பர் பத்து வருசம் நம்ம வெயில்ல கெடந்துருக்குது. மடிப்புல எல்லாம் கீறல் உட்டிருக்குது. எந்தப் பை எப்ப கிழியும்னு சொல்ல முடியாது. காயில் வண்டிய எடுங்க. கொஞ்சம் தூக்கிப்போடும். ஆனா வழியில நிக்காது."

"பாய், தூக்கிப்போடக்கூடாதுன்னுதானே வாங்கறேன்."

"நோயாளியக் கூட்டிட்டுப் போறதுக்குன்னாலும் காயில்தான் சொல்லுவேன். உங்களுக்கு முட்டையத்தான் தெரியும், இது வேற."

அந்த வார்த்தை எனக்கு ஆகலீங்க. ஏர் வண்டியவே எடுத்தேன்.

அஞ்சு நாளு தம்பி. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். என்ன சொகம்ங்கறீங்க! பின்னாடி சீட்டுல மெத்தை விரிச்சு, ரெண்டு தலகாணி வெச்சு, அவ படுத்துக்கிட்டே வருவா. ஒரு முனகல் இல்ல. எப்படி இருக்குதும்பேன். நல்லாருக்குதுங்கம்பா. தெனமும் கேப்பேன், தெனமும் அதையே சொல்லுவா. மூணாம் நாளு திரும்பி வர்றப்ப ஒண்டிப்புதூர்கிட்ட, "சித்தெ நிறுத்துங்க"ன்னா. வாந்தி வருதாட்டம் இருக்குதுன்னு ஓரங்கட்டுனேன். கண்ணாடிய எறக்கச் சொன்னா. அந்தப் பக்கம் ஒரு சந்து போகுது, அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. கொஞ்சம் காத்து வேணும்போல இருக்குதுன்னு நான் ஏசியக் கொறைச்சேன். அதுக்கப்பறம் தெனமும் அங்க நிறுத்தச் சொல்லுவா, நானும் நிறுத்துவேன்.

அடுத்த திங்கக்கெழமை. காரணம்பேட்டைக்குச் சித்தெ முன்னால. மீட்டர்ல மஞ்ச லைட்டு எரிஞ்சுது. எரிஞ்சு, செவப்பாச்சு. பின்னாடி வலது பக்கம் உஸ்சுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க, வண்டி அந்தப் பக்கமா உக்காந்துருச்சு. டயருமேல பாடி முட்டிக்கிட்டு, ஓட்டுனா டயர் அறுபடும். ஓரங்கட்டுனேன். மணி பத்து, அப்பவே வெயில் சுடுது. மயிலாத்தா சரிஞ்ச சீட்டுல ஒரு கையால கதவப் புடிச்சுக்கிட்டு இருந்தா. பன்னெண்டு மணிக்குக் கரண்ட்டு வெக்கோணும்.

நான் வண்டிய எனக்கு வித்தவருக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஜாபர் பாய்க்குப் போட்டேன், ஆள் அனுப்பறேன்னாரு. குனிஞ்சு அடியில பாத்துக்கிட்டு இருக்கறேன், உள்ள மயிலாத்தா பேசற சத்தம் கேட்டுது. "காரணம்பேட்டை, கண்ணு. பாலத்துக்கு முன்னாடி. வெள்ளைக் காரு. அப்பா இருக்கறாங்க, பரவால்ல வா."

தம்பி, அந்த நம்பர அவ போன்ல தேடல. மனப்பாடமா அமுக்குனா. கண்ணாடி வழியாப் பாத்துட்டேன்.

அரை மணி நேரத்துல வந்துட்டாங்க. ஒரு சின்னக் காரு, கதவெல்லாம் கீறல். அந்த வண்டியோட ஸ்ப்ரிங் என்ன கதியில இருக்கும்னு நின்ன நெலையப் பாத்தாலே தெரியும். சுகந்தி இறங்குனா. ஒம்பது வருசத்துக்கப்பறம் பாக்கறேன். ஒடம்பு வெச்சிருக்கறா. காதோரம் நரைச்சிருக்குதுங்க, முப்பத்தி மூணு வயசுதான் ஆகுது. நான் சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சவன் நிமுரல. அந்தப் பையன் வந்து மயிலாத்தாளக் கொழந்தையத் தூக்கறாப்புல தூக்குனான். முதுகுக்கு எங்க கை குடுக்கோணும்னு தெரிஞ்சு குடுத்தான். எப்படித் தெரியும்னு எனக்கு வெளங்கல. பின் சீட்டுல சுகந்தி மடியில தலைய வெச்சுப் படுத்துக்கிட்டா.

"நீங்களும் வாங்கப்பா"ன்னா சுகந்தி.

வண்டிய நடுரோட்டுல உட்டுட்டு எப்படீங்க போறது?

நான் மயிலாத்தாகிட்டத்தான் சொன்னேன், "மெதுவா ஓட்டச் சொல்லு"ன்னு. அந்தப் பையன் தலையாட்டுனான். உண்மையச் சொல்லோணுமில்லீங்க, மெதுவாத்தான் ஓட்டுனான். கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்தேன்.

வண்டியத் தூக்கிக்கிட்டுப் போயி ஜாபர் பாய் பட்டறையில நிறுத்துனம். பாய் ஒண்ணும் குத்திக்காட்டலீங்க, அதுல பெரிய மனுசன். "ஒண்ணு போனா மிச்ச மூணும் வரிசையாப் போகும் கவுண்டரே. புதுப் பை போட்டாலும் இதே கதைதான். நாலுக்கும் காயில் மாத்திக்கலாம். டெல்லியில இருந்து செட்டு வரோணும்"னாரு. போடுங்கன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மயிலாத்தா போன் பண்ணுனா. கரண்ட்டு வெச்சாச்சு, மிச்ச நாலு நாளும் இங்கயே இருந்துக்கறனுங்கன்னா. சரின்னேன். சரின்னு சொன்னதுக்கு அவ அழுதாளுங்க. எதுக்கு அழுகறேன்னு கேட்டேன், சும்மான்னா.

நாலு நாளும் முடிஞ்சுது. செட்டு வரல.

"வலி தேவலைங்க. நீங்க எப்ப வர்றீங்க?"

"வண்டி ரெடியானதும் வந்து கூட்டிட்டு வந்தர்றேன்."

"பஸ்ஸுல வாங்களேன்."

"பஸ்ஸுல வந்து உன்னைய எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க. வந்து, சித்தெ எங்கூட உக்காந்துட்டுப் போங்க."

அது எப்படீங்க தம்பி? ஒருத்தர் ஊட்டுக்குப் போனா ஒரு காரியமாப் போகோணும். வண்டியில போயி வாசல்ல நிறுத்தி, ஆளக் கூட்டிக்கிட்டு வந்துட்டன்னு வைங்க, அது காரியம். பஸ்ஸுல போயி எறங்கி, பையத் தூக்கிக்கிட்டு, அந்தப் படியேறி, கதவத் தட்டி... அது வேறங்க. உங்களுக்குப் புரியும்னு நெனக்கறேன்.

டெல்லிக்காரன் அனுப்புன செட்டு ஒரு வாரங்கழிச்சு வந்துது. பிரிச்சுப் பாத்தா நாலையும் முன்னாடி ஸ்ப்ரிங்காவே அனுப்பியிருக்கறான், பின்னாடிக்கு இல்ல. திருப்பி அனுப்பி, மறுபடி வரோணும். நான் பட்டறையிலயே உக்காந்து கெடந்தேன். காலையில போவேன், பொழுதோட வருவேன். பாய் சொன்னாரு, "இங்க உக்காந்து என்ன பண்றீங்க? ஊட்டம்மாவப் போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம பைக்க எடுத்துட்டுப் போங்க"ன்னு. வண்டியோடதான் போவேன்னேன்.

போன்ல அவ கொரலு தேஞ்சுக்கிட்டே வந்துது. இருமுனா. கேட்டா, சளி புடிச்சிருக்குதுங்கன்னா. "வண்டி என்னாச்சுங்க?"ன்னு ஒருநாளும் அவளாக் கேக்கலீங்க. நாந்தான் சொல்லுவேன். இன்னைக்கு முன் ரெண்டும் மாட்டியாச்சு, பின்னாடி மட்டும் பாக்கின்னு. அவ ஊங்கொட்டிக்கிட்டே கேப்பா. ஒருநாளு பாதியில மூச்சுச் சத்தம் மட்டும் வந்துது. தூங்கிட்டாங்கப்பான்னு சுகந்தி கொரலு. நான் போன வெச்சுட்டேன்.

பத்தொம்பதாவது நாளு, வெள்ளிக்கெழமை, வண்டிய ஊட்டுலயே கொண்டாந்து நிறுத்துனாரு பாய். வெடியால ஏழு மணி இருக்கும். கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், ஆனா இனிப் பயமில்லைன்னாரு. உடனே கெளம்பியிருக்கலாம். ஆனா ஓட்டிப் பாக்காம நோயாளிய ஏத்தறதுங்களா? மூலனூர் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். பரவால்லீங்க. நான் பயந்த அளவுக்குத் தூக்கிப்போடல. போன் அடிச்சுக்கிட்டே இருந்துது. வண்டி ஓட்டறப்ப நான் போன் எடுக்கமாட்டேன், முப்பத்தோரு வருசப் பழக்கம். நிறுத்திப் பாத்தா பேரில்லாத நம்பரு. மயிலாத்தா நம்பரா இருந்தா எடுத்திருப்பேன். பேரில்லாத நம்பருன்னா லோனு வேணுமாம்பானுங்க, காப்பீடும்பானுங்க. உட்டுட்டேன். ஊட்டுக்கு வந்து, குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, பின் சீட்டுல புதுத் துணி விரிச்சுக் கெளம்புனேன். வழியிலயும் அடிச்சுது. அதே நம்பரு.

பதினொரு மணிக்கு ஒண்டிப்புதூரு. தெனமும் நிறுத்துன அந்தச் சந்துல திரும்பி, மயிலாத்தா சொல்லியிருந்த அடையாளத்துல வாசல்ல நிறுத்தி, ஆரன் அடிச்சேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. மறுபடியும் அடிச்சேன். வாசல்ல நாலஞ்சு சோடி செருப்புக் கெடந்துது. ஊட்டுக்கு ஒரம்பரை யாரோ வந்திருக்கறாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். மூணாவது தடவை அடிச்சப்ப எட்வின் இறங்கி வந்தான். கால்ல செருப்பில்ல. வந்தவன் முன் கதவத் தொறந்து எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டான்.

நாந்தான் பேசுனேன். "உங்கத்தைய மெதுவாக் கூட்டிட்டு வாங்க. அவசரமில்ல. காயில் மாத்தியாச்சு, குலுங்காது"ன்னேன். உங்கத்தைன்னு வாயில வந்துருச்சுங்க.

"மாமா"ன்னான். "அத்தை காலையில ஏழரைக்குப் போயிட்டாங்க. உங்களக் கூப்புட்டுக்கிட்டே இருந்தம்."

எங்க போயிட்டாங்கன்னு கேட்டனுங்க தம்பி. ஆஸ்பத்திரிக்கான்னு கேட்டேன்.

அவன் கைய நீட்டி இஞ்சினை ஆஃப் பண்ணுனான். அப்பறம் எங்கைய எடுத்து ஸ்டீரிங்குல இருந்து இறக்கி வெச்சான். ஒவ்வொரு விரலாத்தான் எடுக்கவேண்டியதாப் போச்சு.

படியேறுனேன். சன்னலோரமா ஒரு கட்டில், பக்கத்துல ஒரு நாற்காலி. நாற்காலியில தொவைச்ச துண்டு ஒண்ணு மடிச்சு வெச்சிருந்துது. அது யாருக்குன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

ஆம்புலன்ஸ்லதான் கொண்டு வந்தம். சுகந்தியும் அவனும் அதுல வந்தாங்க. நான் பின்னாடி வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தேன். மூணாம் நாள் காரியம் முடிஞ்சு ரெண்டு பேரும் கெளம்புனாங்க. நான் மவளைக் கூப்புட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். டெல்லிக்காரன் முன் ஸ்ப்ரிங்க மாத்தி அனுப்புனது, திருப்பி அனுப்புனது, மறுபடி வந்தது, ஓட்டிப் பாத்தது எல்லாம். அவன் மட்டும் ஒழுங்கா அனுப்பியிருந்தா ஒம்பது நாளைக்கு முன்னாடியே வந்திருப்பேன் அம்மிணின்னேன். கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா. "வாங்க, வண்டியில கொண்டு போய் உட்டுட்டு வர்றேன்"னேன்.

"வேண்டாமுங்கப்பா"ன்னா. பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டா. "பஸ்ஸுல ரெண்டரை மணி நேரந்தானுங்கப்பா."

சொல்லிப்போட்டுப் போயிட்டா. நான் இங்கதான், இதே எடத்துல நின்னுக்கிட்டிருந்தேன். பஸ்ஸு ஏறியிருப்பாங்க, காங்கேயம் தாண்டியிருப்பாங்க, அப்பவும் நின்னுக்கிட்டிருந்தேன்.

டெல்லிக்காரன்மேல கேஸ் போடலாம்னு இருக்கறேன். பாய் வேண்டாங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?

சரி, அது கெடக்கட்டும். டீ ஆறுது, குடிங்க. ஓட்டிப் பாக்கோணுமில்லீங்க? இந்தாங்க சாவி. நீங்களே ஓட்டுங்க, உங்களுக்கு எப்படி ஓட்டோணுமோ ஓட்டுங்க, மெதுவாப் போகோணும்னெல்லாம் இல்ல. முன்னாடி வேண்டாம் தம்பி, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இந்த வண்டியில பின்னாடி நான் ஒருநாளும் உக்காந்ததில்லீங்க. எப்படி இருக்குதுன்னு தெரியல.